தண்ணீர் கேட்கும் வழக்கம்

நவம்பர் 30, ஞாயிறு

இன்று பூசையில் குறட்டை விட்டுவிட்டேன். லேசாக இல்லை. ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, நான் விழிக்கும் வரை காத்திருந்தாராம். கண்ணைத் திறந்தால் கோயில் முழுக்க என்னைப் பார்க்கிறது. நான் உடனே பக்கத்தில் இருந்த அம்மாளைத் திரும்பி முறைத்தேன். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

ஃபாதர் நம்பவில்லை. பூசை முடிந்ததும் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனால், வேலை கொடுத்தார். பனியன் கம்பெனி ஹாஸ்டலில் நான் சமைத்துப் போடும் பிள்ளைகள் எல்லாம் ஜார்க்கண்ட், ஒடிசா, மிசோரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். இந்த வருஷம் திருப்பூரில் வீடு வீடாகப் பாடிப் போகிற கிறிஸ்மஸ் கேரலில் அவர்கள் அவரவர் பாஷையில் பாட வேண்டுமாம், அவரவர் ஊர் வழக்கத்தையும் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளைக் கூட்டிச் சேர்ப்பது என் பொறுப்பு. குறட்டை விட்ட வாயால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

கம்பெனியில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. கேரல் கணக்கு வழக்கையாவது இதில் எழுதிவைக்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் அவரைக்காய் கிள்ள உட்கார்ந்தபோது மூன்று பேரையும் பிடித்து உட்கார வைத்துக்கொண்டேன். சுசானி ஜார்க்கண்டுக்காரி, பிரமிளா ஒடிசா, ருவாத்தி மிசோரம். தமிழ் மூவருக்கும் தட்டித் தடவி வரும். ருவாத்திக்குத் தடவ மட்டும்தான் வரும்.

சுசானி ஊரில் கிறிஸ்மஸுக்குப் படா தின் என்று பெயராம். பெரிய நாள். ஆறு மணிக்கே இருட்டிப்போகிற நாளுக்குப் பெரிய நாள் என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தான் என்று கேட்டேன். பிரமிளா ஊரிலும் அதே பெயர்தானாம். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று பிரமிளா பக்கம் திரும்பினால், அவள் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் செப்டம்பரிலிருந்து பேச்சு இல்லை. ஜன்னலோரக் கட்டில் தகராறு. ஒரே பெயர் வைத்த இரண்டு பெரிய நாட்கள், ஒன்றோடொன்று பேசாது.

சுசானி அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் போடுகிற பலகாரம் ஒன்றைச் சொன்னாள். அர்சா என்று பெயராம். செய்முறையைக் கேட்டால் நம் அதிரசமேதான். என் பலகாரத்தைத் திருடிக்கொண்டு ரயில் ஏறிப் போய்விட்டீர்களா என்றேன். அன்றைக்கு மேளம் அடித்து, கை கோத்து, வட்டம் கட்டி ஆடுவார்களாம். ருவாத்தி ஊரில் ஊர் முழுக்க ஒரே இடத்தில் சமைத்து, ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். பணக்காரன், ஏழை, சண்டைக்காரன் எல்லோருக்கும் ஒரே கறி. கறி என்றால் பன்றி. வாழ்த்துச் சொல்ல “கிறிஸ்மஸ் சிபாய்” என்பார்களாம்.

பிரமிளாவிடம் உங்கள் ஊரில் என்னடி, குரங்குக்குக் குல்லா போடுவீர்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு படா தின் அன்றைக்கு, கலவரக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊரே காட்டுக்குள் ஓடி ஒளிந்ததாம். விளக்கு ஏற்றாமல், வாயைத் திறக்காமல், மூக்காலேயே பாட்டுப் பாடினார்களாம். அதன் பிறகு வருஷா வருஷம் ஒரு பாட்டை மட்டும் அவர்கள் வாயை மூடித்தான் பாடுவார்களாம்.

அப்புறம் சுசானி, “அக்கா, உங்க ஊர்ல என்ன?” என்றாள்.

எங்கள் ஊரில் என்ன? திண்டுக்கல் பக்கம் காலையில் இட்லி, மட்டன் குழம்பு. மத்தியானம் மிச்சக் குழம்பு. அப்புறம் தூக்கம். இதை எப்படிச் சொல்வது? காட்டுக்குள் பாடினவளுக்கு முன்னால் குழம்பைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் கிறிஸ்மஸுக்கு முன்னால், யாரோடு பேச்சு அறுந்து போயிற்றோ அவர்கள் வாசலில் போய் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க வேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. குடித்துவிட்டால், பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கக்கூடாது.

மூன்று பேரும் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். நான் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அடுத்த காயை எடுத்தேன்.

டிசம்பர் 3, புதன்

ருவாத்தி அந்த வழக்கத்தை மிசோ பாஷையில் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர், தண்ணீர் என்று கை காட்டினாள். கலாய்த்தேன் என்று சொல்லப் போனேன். சாம்பார் பொங்கிவிட்டது, ஓடி வந்துவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பிரமிளா இன்று ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சுசானி கட்டிலுக்கு முன்னால் போய் நின்று தண்ணீர் கேட்டாள். ஹாஸ்டலே வேடிக்கை பார்த்தது. சுசானி எழுந்து சமையலறைக்கு வந்து, என்னிடம் நல்ல டம்ளராகக் கேட்டாள். கொடுத்தேன். பிரமிளா ஒரே மூச்சில் குடித்தாள். மூக்கில் ஏறி இருமினாள். சுசானி அவள் தலையில் தட்டினாள். அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே தட்டில் கை வைத்தார்கள்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயமும் அரிந்துகொண்டிருந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பிள்ளைகள் ஃபாதரிடம் ஒப்பித்துவிட்டார்கள். அவர் ஊட்டிக்காரர். திண்டுக்கல் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? இன்றைய பிரசங்கமே அதுதான். “நம்ம ஹாஸ்டல்ல சமைக்கிற புஷ்பம் அக்கா ஊர்ல அருமையான ஒரு வழக்கம் இருக்கு” என்று ஆரம்பித்து, பாவமன்னிப்பு, சமாதானம் என்று நெடுக இழுத்தார். கேரல் போகும் வீடுகளில் எல்லாம் கிறிஸ்மஸ் தாத்தா தண்ணீர் கேட்பார், அதைப் பார்த்து அவரவர் சண்டைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்தத் தடவை நான் தூங்கவில்லை.

மூன்றாவது பெஞ்சில் ஜெஸிந்தா இருந்தாள். என் மகள். ஒரே மகள். பக்கத்தில் அவள் மாமியார் ஃபிலோமினா டீச்சர். என் பெயரைச் சொன்னபோது ஜெஸிந்தா ஒரு தடவை திரும்பினாள். அவளுக்குத் தெரியும், திண்டுக்கல்லில் அப்படி எந்த வழக்கமும் இல்லை என்று. அவளும் அதே மட்டன் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தானே. திரும்பினாள், அப்புறம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

அவளோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பேரன் ஆல்ட்ரினுடைய ஞானஸ்நான விருந்தில் ஒரு பேச்சு வந்தது. கல்யாணமாகி ஏழாம் மாசமே பிள்ளை பிறந்துவிட்டது, பாவம் குறைமாசம் என்று ஃபிலோமினா டீச்சர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மூணரைக் கிலோவில் குறைமாசப் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன், பூசணிக்காய்தான் இப்படி முந்திக்கொண்டு பழுக்கும் என்றேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் இலையை விட்டு எழுந்திருந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஜெஸிந்தா கோயிலுக்கே வரவில்லை. உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கும். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுகிறார்கள், இப்போது எல்லோரும்தான் மாற்றுகிறார்கள். ஆல்ட்ரினுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. நன்றாக வளர்ந்திருக்கிறான். கோயில் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரிகிறது.

டிசம்பர் 10, புதன்

கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் கேரல் போகிற தெருக்களைச் சொன்னார். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீச்சர் வீட்டுத் தெருவை விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள், அந்தத் தெருவில் நாய்த் தொல்லை இல்லை, பிள்ளைகள் பயப்படாமல் பாடுவார்கள் என்று சொல்லிச் சேர்க்க வைத்தேன். நாய் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 11, வியாழன்

கடலைப்பருப்பில் வண்டு. கடைக்காரனிடம் மட்டன் விலை போட்டுத் தந்திருக்கிறாயா என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

பாட்டுப் பயிற்சி. ருவாத்தி பாடும்போது மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். மற்ற நேரம் தடவித் தடவிப் பேசுகிற பெண் இவள்தானா என்று இருக்கிறது.

தாத்தா வேஷத்துக்கு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்பு அங்கிக்குள் புழுக்கமாக இருக்குமாம். பிளாஸ்டிக் முகமூடியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு இரண்டு ஊசித்துளை, வாய்க்கு ஓட்டையே இல்லை. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். தொப்பைக்குத் தலையணை வைக்க வேண்டாம், அந்தச் செலவு மிச்சம்.

பிள்ளைகளுக்கு ஆச்சரியம். “அக்கா பேசாம இருக்கணுமே, முடியுமா?” என்று பிரமிளா கேட்டாள். தாத்தா பேசக்கூடாது என்று உபதேசியாரின் சட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் செத்தா போவேன்?

தாத்தா தண்ணீர் கேட்கிற கட்டத்தையும் ஒத்திகை பார்த்தோம். நான் பெருவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுப்பார்கள். எனக்கு வாய் ஓட்டை இல்லாததால் எனக்குப் பதிலாகச் சுசானி வாங்கிக் குடிப்பாள்.

டிசம்பர் 17, புதன்

பஜாரில் டிப்பர் லாரி ஒன்று வாங்கினேன். விசையைத் தள்ளினால் பின்பக்கம் தூக்கி மண்ணைக் கொட்டுகிறது. தாத்தா வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் இருக்கிறது.

டிசம்பர் 20, சனி

கேரல் முடிந்தது. அரிசி ஊறப்போட வேண்டும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினோம். முதல் சில வீடுகளில் நல்ல வேடிக்கை. நான் இடுப்பை ஆட்டி ஆடினேன். தண்ணீர் கேட்டுக் கை காட்டினால் எல்லோரும் ஃபாதர் சொன்னதை ஞாபகம் வைத்துச் சிரிக்கிறார்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். சுசானிக்கு வயிறு உப்பிவிட்டது. இனிமேல் அடுத்த தெருவுக்குப் பிரமிளா குடிக்கட்டும் என்றாள்.

டீச்சர் வீட்டில் வாசலிலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கிளெமென்ட் வேலைக்குப் போயிருந்தார். ஃபிலோமினா டீச்சர் உட்கார்ந்திருந்தார், ஜெஸிந்தா கதவோரம் நின்றாள். ஆல்ட்ரின் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கன்னம் அவன் தாத்தாவுடையது. அதாவது என் வீட்டுக்காரருடையது, இந்தப் பஞ்சுத் தாடித் தாத்தாவுடையது இல்லை.

சுசானி பாடினாள். பிரமிளா அந்த வாய்மூடிப் பாட்டைப் பாடினாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

நான் பையனிடம் போய்க் கை நீட்டினேன். கொடுத்தான். சின்னக் கை, ஜாம் ஒட்டியிருந்தது. லாரியைக் கொடுத்தேன். விசையை அவனாகவே கண்டுபிடித்துத் தள்ளினான். அப்புறம் என் முகமூடியை அண்ணாந்து பார்த்து, “தாத்தா, உங்களுக்குப் பேச்சு வராதா?” என்றான்.

வராது என்று தலையாட்டினேன். என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லாமல் விட்டது என் ஆயுசில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் தண்ணீர் கேட்டுக் கை காட்டினேன். ஜெஸிந்தா உள்ளே போனாள். கொஞ்சம் நேரம் ஆயிற்று. வெள்ளி மாதிரி விளக்கிய எவர்சில்வர் டம்ளரில் நிறையக் கொண்டுவந்தாள். நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கோயிலில் அங்கியோடு கொடுத்த பூட்ஸ் என் காலுக்குப் பத்தவில்லை. என் ரப்பர் செருப்போடுதான் போயிருந்தேன். என் கோணல் விரலை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் சொடக்கு எடுத்துவிடுவதே அவள்தான்.

பிரமிளா வழக்கம்போல டம்ளருக்குக் கை நீட்டினாள். நான் அவள் கையை நகர்த்திவிட்டு நானே வாங்கிக்கொண்டேன். இன்னொரு கை முகமூடியின் தாடைக்குப் போயிற்று. ஏன் போயிற்று என்றால், புழுக்கம்.

“தாத்தா மூஞ்சியக் கழட்டக் கூடாது” என்றாள் ஜெஸிந்தா. என்னிடம் இல்லை, பிரமிளாவிடம் சொன்னாள். “பிள்ள பயந்துக்குவான்.”

டீச்சர் சிரித்தார். “குடிக்கட்டும் ஜெஸி. பாவம், உள்ளுக்குள்ள யாரோ வெந்துபோயி நிக்கிறாங்க. கேட்டா இல்லங்கக் கூடாதுன்னு ஃபாதரே சொல்லியிருக்காருல்ல.”

“இல்லன்னு சொல்லல, அத்தே. தண்ணி குடுத்துட்டேன்ல.” அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “இப்பத்தான் நம்ம வீட்ல எல்லாரும் பழசு மறந்து சிரிக்கிறோம். மூஞ்சியக் காட்டினா அப்பறம் இந்த வாசலுக்கு வர முடியாது.”

டீச்சர் அதை வேஷத்துக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டார். கிறிஸ்மஸ் தாத்தா யார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் போய்விடும், சரிதான் என்றார். ஜெஸிந்தா குனிந்து மகனைத் தூக்கிக்கொண்டாள்.

“தாத்தாவுக்கு டாட்டா சொல்லு. வருஷம் ஒருக்கா வருவாரு. இப்படியேதான் வருவாரு.”

அவன் டாட்டா காட்டினான். டம்ளர் கையில் கனத்தது. நிறைய ஊற்றியிருந்தாள். ஒரு இழு இழுத்தால் முகமூடி வந்துவிடும், லாஸ்டிக்தான். ஒரு வார்த்தை சொன்னால் டீச்சருக்கே சிரிப்பு வரும்படி சொல்ல என்னால் முடியும். நாக்கின் நுனியில் இரண்டு மூன்று இருந்தன, எல்லாமே நல்லவை.

டம்ளரைப் பிரமிளாவிடம் கொடுத்தேன். அவள் குடித்தாள். எனக்குத் தாகம் இல்லை.

அடுத்த வீட்டிலும் ஆடினேன். முன்னைவிட நன்றாக ஆடியதாக உபதேசியாரே சொன்னார்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முகமூடியில் தாடி ஒட்டியிருந்த பசை பட்டு முகம் அரிக்கிறது.

டிசம்பர் 24, புதன்

சுசானி அர்சா சுட்டாள், நான் அதிரசம் சுட்டேன். கலந்து வைத்தால் எது எவளுடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. ருவாத்தி ஊர்ப் பந்திக்குப் பன்றிக்கறி கிடைத்தது. வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு அனுமதி கொடுத்தார்.

எண்ணெய் காயும்போது சுசானி கேட்டாள். “அந்த வீட்டு அக்கா உங்க மகளா?” பிரமிளா சொல்லியிருப்பாள். அவள் வாயைத் திறக்காமலே எல்லாவற்றையும் பார்க்கிறவள்.

இல்லையடி, எனக்கு எங்கே மகள் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று வந்துவிட்டது. வந்ததும் வந்தது, அந்தத் தண்ணீர் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, எங்குமே கிடையாது, அன்றைக்கு அவரைக்காய்க்கு முன்னால் நானாக விட்ட புளுகு என்பதையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன்.

அவள் அர்சாவைத் திருப்பிப் போட்டாள். “நான் ஊருக்கு போன்ல சொல்லிட்டேன் அக்கா. எங்க பெரியப்பா, எங்க அப்பா, பன்னெண்டு வருஷம் பேச்சு இல்ல. நேத்து பெரியப்பா வந்து தண்ணி கேட்டாரு. அப்பா குடுத்தாரு.”

“பொய்யின்னு சொல்லிராதடி” என்றேன்.

“சொல்ல மாட்டேன். இனிமே எங்க ஊர்ல அது இருக்கு.”

ஆக, எங்கோ ரயிலில் மூன்று நாள் போகிற ஊரில் என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார்கள். நான் இருக்கிற ஊரில் ரயில் கேட்டைத் தாண்ட வழி இல்லை. வாட்ச்மேனிடம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று போனேன். அவர் லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 25, வியாழன்

படா தின். கிறிஸ்மஸ் சிபாய். காலையில் இட்லி, மட்டன் குழம்பு. மத்தியானம் முற்றத்தில் எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் வட்டம் கட்டி ஆடினார்கள். தகர டின்தான் மேளம். என்னையும் இழுத்தார்கள். சமையல் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வாட்ச்மேன் இல்லாததால் ஹாஸ்டல் கேட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். காலையிலிருந்து திறந்தே போட்டிருந்தேன். காற்று வரட்டும் என்று. புது டம்ளர் ஒன்றை விளக்கிப் பக்கத்தில் வைத்திருந்தேன், வெயில் நேரத்தில் யாராவது வந்தால் உதவும். அதிரசம் ஒரு தூக்குவாளியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது, கெட்டுப்போகாது.

நாலு மணிக்கு மேல் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். திறந்த கேட் வழியாகப் பக்கத்துத் தெரு ஆடு உள்ளே வந்து, பிள்ளைகள் கட்டிய குடிலில் போட்டிருந்த வைக்கோல் முழுவதையும் தின்றுவிட்டது. குழந்தை இயேசு வெறும் சிமெண்டில் கிடந்தார். காகித அட்டையில் செய்த இடையர் ஒருவருக்கு இடது கை இல்லை. ஆட்டை விரட்டிவிட்டு, அவரைச் சுவரோரம் திருப்பி நிறுத்திவைத்தேன். கேட்டைச் சாத்திவிட்டேன்.